ஓம் ஒன்றுதான், காயில் ஒன்றல்ல: ஆர்.டி.ஏ. கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டியவை

ஆர்.டி.ஏ. என்பது இ-சிகரெட்டின் மேல் பாகம். கம்பியைச் சுற்றிய காயிலையும், அதற்குள் லிக்விடை உறிஞ்சி நிற்கும் காட்டனையும் நாமே மாட்ட வேண்டும்; பட்டனை அழுத்தினால் காயில் சூடாகி லிக்விட் ஆவியாகும். ஸ்க்ரூவை இறுக்க மறப்பது, காட்டனை நனைக்காமல் பட்டனை அழுத்துவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு முறை தொண்டை எரிந்தால் தானாகப் புரிந்துவிடும். காயில் வகையைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் கூத்துதான் வேறு. புதிதாக யார் கட்ட உட்கார்ந்தாலும், நாங்கள் அந்தக் காலத்தில் செய்ததையே அச்சு மாறாமல் செய்கிறார்கள்.

நான் இருப்பது லண்டனில். இங்கே கம்பியும் காட்டனும் கடையில் கிடைக்கும். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட் இறக்குமதி, விற்பனை எல்லாம் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஊருக்குப் போகும் பெட்டியில் இதைப் போடாதீர்கள். சிகரெட் பழக்கமே இல்லாதவர் என்றால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

ஓம் எண்ணைப் பார்த்து வாட் வைப்பது

ஓம் காயிலின் மின்தடை, வாட் அதற்குக் கொடுக்கும் மின்திறன். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை வைப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நண்பனின் தம்பி ஒருவன், கையால் சுற்றிய ஃப்யூஸ்டு க்ளாப்டன் (சேர்த்த கம்பிகளின் மேல் மெல்லிய கம்பி சுற்றியது) காயில் ஜோடி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தான். ஒன்றை மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இது டூப்ளிகேட். ஆவியே வரல" என்றான். பழைய காயில் என்ன ஓம் என்று கேட்டேன். "அதுவும் 0.8, இதுவும் 0.8. அதே 20 வாட்லதான் வச்சிருக்கேன்."

கோளாறே அங்கேதான். 26 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லியது) காந்தல் என்ற ஹீட்டர் கம்பியை 3 மி.மீ. குச்சியில் 6 சுற்று சுற்றினால் சுமார் 0.8 ஓம் வரும். 28 கேஜ் காந்தல் இரண்டைச் சேர்த்து, மேலே மெல்லிய 38 கேஜைச் சுற்றிய ஃப்யூஸ்டு க்ளாப்டனை அதே குச்சியில் 7 சுற்று சுற்றினாலும் கிட்டத்தட்ட அதே 0.8தான். மீட்டர் இரண்டையும் ஒன்றாகத்தான் காட்டும். ஆனால் கணக்குப் போட்டால் இரண்டாவதில் உலோகம் ஏறத்தாழ மூன்று மடங்கு. லிக்விடைத் தொடும் பரப்பும் இரண்டு மடங்குக்கு மேல். மேலே சுற்றிய மெல்லிய கம்பி நீளமோ நீளம், அதனால் மின்சாரம் அதன் வழியாக அதிகம் போகாது, ஓமை மாற்றாது. எடையை மட்டும் கூட்டும். அந்த எடை சூடேறவே 20 வாட் திணறும்.

40 வாட்டுக்கு ஏற்றிக் கொடுத்தேன். பையன் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் பழைய சாதாக் காயிலை மாட்டினான், வாட்டைக் குறைக்கவில்லை. காட்டனைக் கழற்றிக் காட்டினான்: இரண்டு ஓரமும் வெள்ளை, காயிலுக்குள் இருந்த பாகம் மட்டும் கரிக்கட்டை.

இதோடு நின்றால் ஒரு துண்டுக் காட்டனோடு போகும். மாட் என்பது பேட்டரி இருக்கும் கைப்பிடி; மின்னணுக் கட்டுப்பாடே இல்லாத மெக்கானிக்கல் மாட் வைத்திருப்பவர்களிடம்தான் விபரீதம். அதில் வாட் ஏற்ற வழியில்லை. முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.8 ஓமுக்கு 22 வாட்தான். கனமான காயில் அதில் சோம்பிக் கிடக்கும். உடனே "ஓமைக் குறைச்சா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். குறைத்துக் குறைத்து, தடித்த கம்பியில் ரெட்டைக் காயில் போட்டு 0.12இல் வந்து நிற்பார்கள். 4.2ஐ 0.12ஆல் வகுத்துப் பாருங்கள்: 35 ஆம்பியர். சாம்சங் 25ஆர் போன்ற பெயர் பெற்ற 18650 அளவு பேட்டரி செல்லே தொடர்ந்து 20 ஆம்பியருக்குத்தான். உறையில் பெரிய எண்ணை அச்சிட்டு விற்கும் பெயர் தெரியாத செல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல் சூடாகி வாயுவைக் கக்கும்போது அது உங்கள் உள்ளங்கையில்தான் இருக்கும்.

ஓம் என்பது பேட்டரிக்கான கணக்கு. வாட் என்பது காயிலின் எடைக்கும் பரப்புக்குமான கணக்கு. புதுக் காயில் எதுவானாலும் வாட்டைக் கீழே வைத்து, இழுத்துப் பார்த்து மெல்ல ஏற்றுங்கள். மெக் மாட் என்றால் சாதாக் கம்பியே போதும்; க்ளாப்டன் ஆசை இருந்தால் வாட் மாற்றக்கூடிய மாட் வாங்குங்கள்.

காந்தலை டெம்பரேச்சர் கன்ட்ரோலில் போடுவது

டெம்பரேச்சர் கன்ட்ரோலில், சூட்டில் ஓம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்துத்தான் மாட் வெப்பத்தைக் கணிக்கும். சூடேறினாலும் காந்தலின் ஓம் பெயருக்குத்தான் மாறும். மாட் எதை வைத்து வெப்பத்தை அளக்கும்? எஸ்.எஸ். 316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி வாங்குங்கள். அது சாதா வாட்டிலும் ஓடும்.

டைட்டானியத்தைச் சிவக்கச் சுடுவது

கூடாது. மேலே வெள்ளையாகப் படிவது அதன் ஆக்சைடு.

ரெட்டைக் காயிலில் ஒன்று க்ளாப்டன், ஒன்று சாதா

எதற்கு? இரண்டும் ஒரே வேகத்தில் சூடேறாது.

காயிலின் கால் (ஸ்க்ரூவில் மாட்டும் முனை) முதலில் சிவப்பதைக் கண்டுகொள்ளாமல் விடுவது

காட்டன் போடும் முன், குறைந்த வாட்டில் பட்டனை விட்டு விட்டு அழுத்திப் பாருங்கள். நடுவில் தொடங்கி ஓரத்துக்குச் சிவந்து பரவ வேண்டும். க்ளாப்டனில் பெரும்பாலும் ஸ்க்ரூ பக்கத்துக் கால்தான் முதலில் சிவக்கும். மேல் கம்பி அங்கே விலகியிருக்கும், அல்லது பிடி தளர்ந்திருக்கும். பட்டனை விட்டுவிட்டு, செராமிக் இடுக்கியால் சுற்றுகளின் மேல் லேசாக வருடி நெருக்குங்கள். இறுக்கிப் பிடித்து நசுக்கினால் மேல் சுற்று பிரிந்துவிடும், பிறகு அந்தக் காயிலைக் குப்பையில்தான் போட வேண்டும்.

க்ளாப்டனுக்கும் சாதாக் காயிலுக்கும் ஒரே அளவு காட்டன்

க்ளாப்டன் லிக்விடை மளமளவென்று குடிக்கும்; இறுக்கித் திணித்த காட்டன் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. காட்டனை இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும், காயில் வளையக் கூடாது. வளைந்தால் நாலு இழை உருவி எடுத்துவிட்டு மறுபடி நுழையுங்கள்.