கிராமத்தில் வேலை செய்யும் அறக்கட்டளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருத்துவ முகாம், மாலை வகுப்பு, கழிப்பறை, கண்ணாடி என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுக்கும் சிறு அறக்கட்டளைகள் நிறைய உண்டு. மனதும் பணமும் இருந்தும் பாதி வேலைகள் இரண்டாம் ஆண்டைத் தாண்டுவதில்லை. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். அந்த ஊரில் அதே வேலையை ஏற்கெனவே யார் செய்கிறார்கள் என்று கேட்காமலே தொடங்கிவிடுகிறார்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர், தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் ஆகிய ஐந்து பேரையும் பார்த்துப் பேசிய பிறகுதான் பேனர் அடிக்கக் கொடுக்க வேண்டும்.

முகாம்

நாள் குறிப்பதிலேயே கோளாறு ஆரம்பித்துவிடும். புதன்கிழமை தடுப்பூசி நாள். செவிலியர் அன்று உங்கள் பக்கம் வர முடியாது, தாய்மார்களும் அங்கேதான் இருப்பார்கள். வார நாளில் காலை பத்து மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போனவர்கள் போக, வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். அவசியம் பார்க்க வேண்டிய நாற்பது வயது ஆண்கள் ஒருவர்கூட வரமாட்டார்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, டீக்கடைக்கு அருகில் வைத்தால் வருவார்கள்.

அடுத்தது பி.பி. பார்க்கும் அவசரம். வெயிலில் நடந்து வந்து, வரிசையில் நின்று, அப்போதுதான் காபி குடித்தவரின் கையில் பட்டையைச் சுற்றினால் 150 காட்டத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். காபியோ பீடியோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும், பேச்சுக் கொடுக்கக் கூடாது. இரண்டு நிமிட இடைவெளியில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடும், ஒல்லியான கைக்குப் பெரியது போட்டால் குறையும். ஆகவே இரண்டு அளவுப் பட்டையாவது தேவை. அப்படியும் 140/90 தாண்டினால் அது சந்தேகம் மட்டுமே. வேறொரு நாள் மறுபடி பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதிலும் இதே கதைதான். பழம் உரித்த விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து வரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மேசையில் திறந்தே வைத்தால் ஈரம் ஏறி, மாலையில் வரும் அளவுகளை நம்ப முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பத்து நாள் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவது. பி.பி. மாத்திரையைப் பத்து நாள் போட்டு நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. மாத்திரை தீர்ந்ததும் நோயும் தீர்ந்தது என்று நினைத்துவிடுவார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முகாமில் கண்டறிந்தவர்களின் பட்டியலை அன்று மாலையே செவிலியரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து, அதில் எத்தனை பேர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தார்கள் என்று பாருங்கள். முகாமின் பலனை அந்த எண் சொல்லும். ‘300 பேர் பயனடைந்தனர்’ என்ற செய்தியால் அது தெரியாது.

இரத்தசோகை

பள்ளியில் வாரம் ஒரு நாள் அரசின் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. 10 முதல் 19 வயது வரை நீல மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு. ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு இளஞ்சிவப்பு, 45 மில்லிகிராம். இது தெரியாமல் அறக்கட்டளை தனியாக ஒரு டானிக் கொடுத்தால் இரும்பின் அளவு கூடிப்போகும், வயிறு கெடலாம்.

மாத்திரை ஏன் வகுப்பறைக் குப்பைத்தொட்டியில் கிடக்கிறது என்று கேட்டால் பதில் எளிது. வெறும் வயிற்றில் கொடுத்தார்கள், ஒரு பெண் வாந்தி எடுத்தாள், மறுவாரம் வகுப்பே விழுங்க மறுத்துவிட்டது. மதிய உணவுக்குப் பிறகு, ஆசிரியர் முன்னால் விழுங்க வைக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று மாணவிக்கும் தாய்க்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டீ, காபிக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் கூடவே கொடுக்கக் கூடாது, அது இரும்பை ஏறவிடாது. நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் நன்றாக ஏறும்.

பூச்சி மாத்திரையும் பிப்ரவரி, ஆகஸ்ட் சுற்றுகளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருவார்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு வயதுக்குப் பாதி. சின்னக் குழந்தைக்கு முழுதாக வாயில் போடக் கூடாது, தொண்டையில் சிக்கும். பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். இதற்காகத் தனி முகாம் போட வேண்டாம். அன்று வராத குழந்தைகளைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தாலே போதும், அதற்குத்தான் ஆள் இல்லை.

கண்ணாடி

கண் பரிசோதனை அட்டையிலிருந்து ஆறு மீட்டரை டேப் வைத்து அளக்க வேண்டும், காலடி எண்ணி அளந்தால் கணக்குத் தப்பும். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அட்டையைப் பார்க்கும்படி வைத்தால் தங்கள் முறை வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மூடிய கண்ணை விரலிடுக்கில் திறந்து பார்க்கும் கெட்டிக்காரர்கள் வகுப்புக்கு நான்கு பேர் இருப்பார்கள், அதனால் உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். ரெடிமேட் கண்ணாடி நாற்பது தாண்டியவர்கள் படிப்பதற்கு மட்டும். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு கண்ணையும் தனியாக அளந்து செய்ததுதான் வேண்டும்.

கண்ணாடி கொடுத்த அன்று வேலை முடிவதில்லை. மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தால் பலரின் முகத்தில் அது இருக்காது. உடைந்திருக்கும், ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்திருப்பார்கள், அல்லது பெண்ணுக்குக் கண்ணாடி என்றால் மாப்பிள்ளை அமையாது என்று பாட்டி எடுத்து வைத்திருப்பார். பிரேமைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க விடுங்கள், உடைந்தால் மாற்ற ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள், பாட்டியிடமும் பேசுங்கள்.

மாலை வகுப்பு

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எல்லாம் ஒரு வரிசையில் உட்கார வைத்து ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை நடத்துவது இங்கே வழக்கமான பிழை. அதில் சிலருக்கு எழுத்துக் கூட்டவே வராது. முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையையும் தனியே கூப்பிட்டு எழுத்து, சொல், நாலு வரிப் பத்தி, சின்னக் கதை என்று படிக்கச் சொல்லிப் பாருங்கள், ஐந்து நிமிடம் போதும். எங்கே தடுக்குகிறதோ அதுதான் அந்தப் பிள்ளையின் குழு, வகுப்பு எதுவானாலும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை மறுபடி பார்த்துக் குழு மாற்றுங்கள். வீட்டுப்பாடம் எழுதித் தள்ளும் டியூஷனாக மாறினால் பெற்றோருக்குச் சந்தோஷமாக இருக்கும், பிள்ளைக்குப் படிக்க வராது.

இடம் தேர்வு செய்வதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊர்த்தெருக் கோயில் மண்டபத்தில் வைத்தால் தலித் பிள்ளைகள் வரமாட்டார்கள். ஏன் என்று யாரும் வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள், வருகைப் பதிவேடுதான் சொல்லும். பள்ளிக் கட்டடமே பொது இடம். தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், கிடைக்கும். இல்லையென்றால் இரண்டு தெருவிலும் இரண்டு வகுப்பு நடத்துவது என்பது சமரசம்தான், அதையும் தெரிந்தே செய்யுங்கள். இருட்டிய பிறகு பெண் பிள்ளைகள் வீடு திரும்பும் வழியில் தெருவிளக்கு எரிகிறதா என்பதையும் பாருங்கள். ஒரு பல்பு எரியாததால் பாதி வகுப்பு நின்றுபோகும். ஆசிரியை அதே ஊர்ப் பெண்ணாக இருந்தால் மழைக்காலத்திலும் வகுப்பு நடக்கும். அவருக்கு மாதச் சம்பளத்தை மாதமே கொடுங்கள், சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லும் இடங்களில்தான் மூன்றாம் மாதம் ஆள் காணாமல் போகிறார்.

கழிப்பறையும் பொருட்களும்

நோட்டு, பை, சீருடை, செருப்பு எல்லாம் அரசுப் பள்ளியில் அரசே தருகிறது. மறுபடி அதையே கொண்டுபோய்ப் புகைப்படம் எடுப்பது பணத்துக்குக் கேடு. பள்ளியில் உண்மையில் இல்லாதது கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும், சுத்தம் செய்பவருக்கு ஒழுங்கான சம்பளமும். இவை இல்லாமல் கட்டிய கழிப்பறையின் சாவி தலைமையாசிரியர் மேசையில் இருக்கும், அதிகாரி வரும் நாளில் மட்டும் திறக்கும்.

வீட்டுக்கு இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டினால் கொத்தனாரை விட்டு நகரக் கூடாது. ‘உறுதியாக இருக்கட்டும்’ என்று குழியின் அடியில் கான்கிரீட் போட்டுவிடுவார். அப்போது நீர் மண்ணில் இறங்காது, சில மாதத்தில் நிரம்பி வழியும். அடி மண்ணாகவே இருக்க வேண்டும், சுவரில் செங்கல்லுக்கு இடையே ஓட்டை விட வேண்டும். இரண்டு குழிக்கும் பிரியும் சந்திப்புத் தொட்டியில் ஒரு வழியை அடைத்துவைக்க வேண்டும். பல வீடுகளில் இரண்டும் திறந்தே இருக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பும். பிறகு பச்சை மலத்தை அள்ள ஆள் தேட வேண்டிவரும், சட்டப்படி அது குற்றம். ஒரு குழி நிறைந்ததும் மாற்றிவிட்டு, அதை இரண்டு ஆண்டு மூடியே வைத்தால் மக்கி உரமாகிவிடும், மண்வெட்டியால் எடுக்கலாம். குடிநீர்க் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நிலத்தடி நீர் மேலாக உள்ள ஊர்களில் இந்த வகையே வேண்டாம்.

கணக்கும் படமும்

வெளிநாட்டுப் பணம் வாங்குபவர்கள் கவனிக்க: வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பெரிய அமைப்பு தரும் என்று நம்பித் திட்டம் போடும் சிறு அமைப்புகள் இங்கேதான் மாட்டுகின்றன. உள்நாட்டில் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது, முன்பே சொல்லிவிடுங்கள்.

படத்துக்குப் பெற்றோர் சம்மதம் வாங்குங்கள், அதைத் தாளில் வாங்குங்கள். இரத்தசோகை உள்ள மாணவியின் முகத்தையும் அவள் இரத்த அளவையும் ஒரே போஸ்டரில் போடாதீர்கள். அவள் அதே ஊரில்தான் இன்னும் பத்து ஆண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்.