கணக்கு வழக்கில் ராக் பேண்டுகள் கோட்டை விடும் இடங்கள்

ஒரு பேண்டில் எப்போதும் இரண்டு உண்டியல்கள் உண்டு. பாட்டு எழுதி மெட்டுப் போட்டவருக்கு வரும் ராயல்டி ஒன்று. அதை வாசித்துப் பதிவு செய்ததற்கும் மேடையேறியதற்கும் வரும் காசு இன்னொன்று. இரண்டையும் போட்டுக் குழப்புவதில்தான் பாதிச் சண்டை தொடங்குகிறது.

மான்செஸ்டரின் தி ஸ்மித்ஸ் 1982இல் தொடங்கி 1987இல் கலைந்த பேண்ட். பாட்டுகளை எழுதியது மோரிஸ்ஸியும் ஜானி மாரும். அந்த ராயல்டி அவர்களுக்கே என்பதில் தகராறு இல்லை. வம்பு வந்தது இரண்டாவது உண்டியலில். அதில் இருவரும் தலா 40% எடுத்துக்கொண்டு, டிரம்மர் மைக் ஜாய்ஸுக்கும் பேஸ் கிட்டார் வாசித்த ஆண்டி ரூர்க்குக்கும் தலா 10% கொடுத்தார்கள். இந்தக் கணக்குக்கு எல்லோரும் சம்மதித்ததாகச் சொன்னார்கள். தாள் எங்கே? 1996இல் லண்டன் உயர் நீதிமன்றம் ஜாய்ஸுக்கு 25% என்று தீர்த்தது. இங்கிலாந்தின் 1890ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் லாபம் சமபங்கு. ரூர்க்கோ கைக்காசு இல்லாத நிலையில் 83,000 பவுண்டும் தொடர்ந்து 10 சதவீதமும் போதும் என்று முன்பே சமாதானமாகிவிட்டார். நெருக்கடியில் போட்ட கையெழுத்து, கடைசிவரை அதுதான் கணக்கு.

இந்தியாவின் 1932ஆம் ஆண்டுச் சட்டமும் 13ஆம் பிரிவில் இதையே சொல்கிறது. சென்னையில் நாலு பேர் வாய்ப்பேச்சில் ஷோ காசைப் பிரித்துக்கொண்டாலும் அதைக் கூட்டாண்மை என்று சொல்ல இடமுண்டு. ஆனால் கூட்டாண்மையைப் பதிவு செய்யவில்லை என்றால், 69ஆம் பிரிவின்படி பேண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பங்கு கேட்டு வழக்குப் போட முடியாது. கலைத்த பிறகுதான் கணக்குக் கேட்க முடியும். பதிவைத் தள்ளிப்போடுவதன் விலை இது.

இனி பாட்டை எழுதியவர் என்ற பெயர். புரோகல் ஹாரம் பேண்டின் ‘எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்’ 1967இல் வந்தது. கேட்டவர் யாரும் மறக்காத அந்த ஆர்கன் மெட்டைப் போட்டவர் மேத்யூ ஃபிஷர். ஆனால் பெயர் போட்டுக்கொண்டவர்கள் கேரி புரூக்கரும் கீத் ரீடும். ஃபிஷர் வழக்குப் போட்டது 2005இல், 38 வருடம் கழித்து. இசையில் 40% பங்கு அவருடையது என்று தீர்ப்பானது. 2009இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையும் அதை உறுதி செய்தது. உரிமைக்குக் காலக்கெடு இல்லை என்பது அவருக்குக் கிடைத்த நல்ல செய்தி. வழக்குக்கு முந்தைய வருமானத்தில் ஒரு காசும் கிடையாது என்பது கெட்ட செய்தி. நட்புக்காக வாய் மூடிக்கொண்டிருந்தால், சும்மா அனுமதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: நன்றாக வாசித்ததெல்லாம் பாட்டில் பங்கு தரும் என்று நம்புவது. ஸ்பாண்டௌ பாலே பேண்டில் பாட்டு எழுதியவர் கேரி கெம்ப். உறுப்பினர்கள் மூவர் போட்ட வழக்கு 1999இல் தோற்றது. சாக்ஸஃபோன் துண்டை ஸ்டீவ் நார்மன் அழகாகவே வாசித்தார். ஆனால் முடிந்த பாட்டின்மேல் போட்ட வாசிப்பு அது, படைப்பு அல்ல என்றார் நீதிபதி. கெம்ப் முன்பு தன் ராயல்டியில் ஒரு பகுதியை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து வந்திருக்கிறார். அந்தப் பழக்கமும் ஒப்பந்தமாக நிற்கவில்லை.

ஆகவே ஒத்திகை முடிந்த அன்றே, அதிகம் போனால் அந்த வாரத்துக்குள், ஒரு பக்கத் தாள் போடுங்கள். பாட்டின் பெயர், தேதி, எந்தப் பதிவு; வரிகளுக்கு 50, இசைக்கு 50; ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே சதவீதம்; கூட்டினால் 100; எல்லோரின் கையெழுத்து. ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) உருவான ஃபோன் பதிவை அழிக்காதீர்கள், அதில் தேதி இருக்கிறது. காசே வராத பாட்டுக்குச் சதவீதம் பேசுவது சிரிப்பாகத்தான் இருக்கும். காசு வந்தபின் யாரும் சிரிக்கமாட்டார்கள். பாட்டு எழுதுபவர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராக இருந்தால், அங்கே பதிவு செய்யும்போதும் இதே எண்கள்தான் போக வேண்டும்.

குயீன் வேறு வழி கண்டது. 1975இல் ‘போஹீமியன் ராப்சடி’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் ரோஜர் டெய்லரின் கார் பாட்டு இருந்தது. விற்ற ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு பக்கப் பாட்டுக்கும் சமமான ராயல்டி! 1989இல் வந்த ‘தி மிராக்கிள்’ ஆல்பத்தில் எல்லாப் பாட்டுக்கும் பேண்டின் பெயரையே போட்டார்கள். எந்தப் பாட்டை வெளியிடுவது என்பதில் சுயலாபம் நுழையாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு, நால்வரும் ஏறக்குறைய சமமாக எழுதும்போது மட்டும்.

ஷோ காசில் நடக்கும் தவறு, செலவைக் கழிக்காமல் பிரிப்பது. 60,000 ரூபாய் வந்தால் வேன் 9,000, சவுண்ட் இன்ஜினியர் 6,000, சாப்பாடு 3,000 போக 42,000. அதில் 10%, 4,200, பொது நிதிக்கு. மீதி 37,800, நாலு பேருக்குத் தலா 9,450. ஒருவர் சொந்தக் காசில் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்கினால் அது பேண்டுக்குக் கொடுத்த கடனா, அவருடைய பொருளா என்று வாங்கிய அன்றே எழுதுங்கள். “பாத்துக்கலாம் மச்சி” என்றால் பிரியும் அன்று அந்த ஆம்ப் யாருக்கென்று ஒரு ஞாயிறே போய்விடும்.

பெயரை மறந்துவிடாதீர்கள். பிங்க் ஃபிளாய்டை விட்டு 1985இல் விலகிய ரோஜர் வாட்டர்ஸ், பெயரும் தன்னோடு முடிந்ததென்று வாதிட்டார்; 1987 சமரசத்தில் அது பேண்டில் எஞ்சிய டேவிட் கில்மோரிடமும் நிக் மேசனிடமும் தங்கியது. டிரேட்மார்க்கை ஒருவர் பெயரில் பதிவு செய்தால் உரிமையாளர் அவர்தான். எல்லோர் பெயரிலும், நிகழ்ச்சிகளுக்கு 41ஆம் வகுப்பிலும் பதிவுகளுக்கு 9ஆம் வகுப்பிலும், விண்ணப்பியுங்கள். போஸ்டரில் ‘முன்னாள்’ என்று போட்டுக்கொள்ள விலகுபவருக்கு அனுமதி உண்டா என்பதையும் உடன்படிக்கையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.