‘போலோ’ எங்கிருந்து வந்தது? சொல்லுக்கு வேர் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொல்வரலாற்றுத் துணுக்குகளைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. குதிரைமேல் இருந்தபடி கோலால் பந்தடிக்கும் ஆட்டத்துக்குப் ‘போலோ’ என்ற பெயர் எப்படி வந்தது என்று இந்த மாதம் மூன்று புதியவர்கள் எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒரு காலத்தில் நான் விழுந்த குழியிலேயே மூவரும் விழுந்திருந்தார்கள். ஒற்றுப்பிழை மாதிரியான சமாச்சாரங்களை விட்டுவிடுகிறேன்.

மார்க்கோ போலோவை இழுப்பது

அது வெனிஸ் நகரத்துக் குடும்பப் பெயர். ‘பவுல்’ என்பதன் அந்த ஊர் வடிவம். மனிதர் 1324இல் இறந்துவிட்டார். விளையாட்டின் பெயர் ஆங்கிலத்தில் பரவியது 1870களில்.

ஆட்டம் வந்த ஊரையே சொல் வந்த ஊராக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். சிறுவர்களுக்கான ஒரு நூலில் ‘போலோ மணிப்புரிச் சொல்’ என்று எழுதித் தொலைத்தேன். காரணம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது மணிப்புரிகளிடம்தான். 1859இல் அசாமின் சில்சாரில் தேயிலைத் தோட்டக்காரர்கள் சங்கம் வைத்தார்கள். 1862இல் கல்கத்தாவிலும் ஒன்று வந்தது. ஆட்டம் அங்கிருந்து வந்தால் பெயரும் அங்கிருந்துதானே வந்திருக்கும்? அப்படித்தான் நினைத்தேன்.

மணிப்பூரில் இதற்குப் பெயர் சகோல் காங்ஜெய். சகோல் என்றால் குதிரை. இதை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டையில் எழுதித் தெரிவித்தபோது பிரதிகள் பைண்டிங் முடிந்து வந்துவிட்டன. அப்புறம் என்ன, திருத்தச் சீட்டு அடித்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். அச்சுக்கூலி என் சன்மானத்தில் கழிந்தது.

இந்த மாதம் வந்த மூவரில் ஒருவர் பாரசீகத்துக்குப் போய்விட்டார். ஆட்டம் அங்கே பழையதுதான். ஆனால் அங்கே அதன் பெயர் சௌகான். 1210இல் லாகூரில் டெல்லி சுல்தான் குதுப்புதீன் ஐபக் குதிரையோடு விழுந்து இறந்ததும் சௌகான் ஆடும்போதுதான்.

‘போலோ’ என்ற சொல்லைத் தந்தது பல்தி மொழி. காரகோரம் மலைப்பக்கம் பல்திஸ்தானில் பேசப்படுவது, திபெத்தியத்துக்கு உறவு. பல்தியில் போலோ என்றால் பந்து. திபெத்தியத்தில் புலு. 1869இல் இங்கிலாந்தில் படைவீரர்கள் முதலில் ஆடியபோது ‘குதிரைமேல் ஹாக்கி’ என்றுதான் சொன்னார்கள். ஆட்டம் முன்னால் போய்விட்டது, பெயர் பின்னால் போய்ச் சேர்ந்தது.

உருட்டும் பொருளின் பெயரே ஆட்டத்துக்கும் ஆவது நமக்குப் புதிதா என்ன? கோலி ஆடியவர்களுக்குத் தெரியும்.

‘குதிரை’ என்று பொருள் எழுதுவது

வாட்டர் போலோவில் குதிரை எங்கே இருக்கிறது?

இந்தி ‘போலோ’வோடு முடிச்சுப் போடுவது

இந்தியில் ‘போலோ’ (bolo) என்றால் ‘சொல்லு’; தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன. அவ்வளவுதான்.