கினிப் பன்றியின் கண்ணில் நீர் வடிந்தால்: சொட்டு மருந்தைத் தொடும் முன் செய்ய வேண்டியவை

கொளத்தூருக்கு வண்ணமீன் வாங்கப் போய், பிள்ளைகளின் பிடிவாதத்தால் ஒரு ஜோடி கினிப் பன்றிகளோடு தண்டையார்பேட்டைக்குத் திரும்பிய குடும்பம் எங்களுடையது. மூன்றாம் மாதம் அவற்றில் ஒன்றுக்குக் கண்ணில் நீர் வடியத் தொடங்கியபோது, ஃபிரிட்ஜ் கதவில் கிடந்த ‘மெட்ராஸ் ஐ’ காலத்து மிச்சச் சொட்டு மருந்தைத்தான் என் கை முதலில் தேடியது. அதை ஊற்றாமல் நிறுத்திக்கொண்டது மட்டுமே அன்று நான் செய்த சரியான காரியம். இந்தப் பிராணியின் கண் கோளாறு பல சமயம் கண்ணில் தொடங்குவதில்லை. பல்லிலோ, உணவிலோ, கூண்டின் தரையிலோ தொடங்கிக் கண்ணில் வந்து தெரிகிறது. ஆகவே புதிதாக வளர்ப்பவர்கள் கீழ்க்கண்ட வரிசையில் செல்வது நல்லது.

முதல் படி: நோயா, முகம் கழுவலா?

கினிப் பன்றியின் கண்ணிலிருந்து அவ்வப்போது பால் போன்ற வெள்ளைத் திரவம் சுரக்கும். அதை முன்னங்கால்களில் வாங்கி அது முகத்தைத் துடைத்துக்கொள்ளும். இது சில நொடிகளில் முடிந்து, கண் பழையபடி தெளிவாக இருந்தால் எதுவும் செய்ய வேண்டாம். நீர் தொடர்ந்து வடிவது, பீளை காய்ந்து ஒட்டியிருப்பது, ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொள்வது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

இரண்டாம் படி: இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தல்

ஒருவர் தரையில் உட்கார்ந்து, பிராணியைத் துண்டில் சுற்றி, பின்பக்கத்தைக் கையால் தாங்கி மடியில் வைத்துக்கொள்ள, மற்றவர் சன்னல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கருவிழியில் நீலம் கலந்த வெண்மை படர்ந்திருந்தால் அங்கே புண் இருக்கலாம். காய்ந்த புல்லின் முனை குத்தி வரும் இந்தப் புண் கினிப் பன்றிகளில் மிகச் சாதாரணம், ஆனால் தாமதித்தால் கண்ணே போய்விடும். ஒரு கண் மட்டும் வெளியே பிதுங்கியிருந்தால் அதன் பின்னால் சீழ்க்கட்டி இருக்கக்கூடும். கீழிமைக்குள் பட்டாணி போலக் கொழுப்பு திரண்டு தெரிவது பெரும்பாலும் தொல்லை தராது. கண்மணிக்குள் வெண்மை தெரிந்தால் அது கண்புரை. அதைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது.

மூன்றாம் படி: கண்ணை விட்டு மற்ற இடங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இதுதான். கினிப் பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கண்ணுக்கு அருகிலேயே இருப்பதால், அவை அளவுக்கு மீறி நீளும்போது கண்ணீர்க் குழாய் அடைபட்டு நீர் வடியும். எனவே மோவாய் எச்சிலில் நனைந்திருக்கிறதா, தீனியை வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா என்று பாருங்கள். மூக்கு ஒழுகி, முன்னங்கால்களின் உட்புற முடி பிசுபிசுப்பாக ஒட்டியிருந்தால் சளித்தொற்று இருக்கலாம். கண்ணோரம் பொருக்குத் தட்டியதோடு நடக்கவும் தயங்கினால் வைட்டமின் சி குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பிறகு சமையலறைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்து வையுங்கள். வளர்ந்த பிராணி 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும்; ஒரே வாரத்தில் 50 கிராமுக்கு மேல் குறைந்தால், கண் எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காம் படி: கழுவுதல்

மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்னும் 0.9 சதவீத உப்புக் கரைசலை வாங்கி, குப்பியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். பஞ்சில் நார் உதிரும் என்பதால், காயத்துக்குக் கட்டும் மெல்லிய காஸ் துணியைச் சலைனில் நனைத்து, காய்ந்த பொருக்கின் மேல் ஒரு நிமிடம் வைத்து ஊறவிட்டு, மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். மற்றக் கண்ணுக்குப் புதுத் துணி எடுங்கள். இமைக்குள் தளர்வாக இருக்கும் புல்துண்டு சலைன் பட்டதும் தானே வெளியே வரும். விழியில் குத்தி நிற்பதை இடுக்கியால் இழுக்கவே கூடாது.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். மறுத்துப் பேசுவது சங்கடம்தான், ஆனால் எதையும் கண்ணில் விடாதீர்கள். மனிதருக்கான மிச்சச் சொட்டு மருந்து இன்னும் ஆபத்தானது. அதில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்தால், கருவிழிப் புண்ணை ஆறவிடாமல் ஆழமாக்கிவிடும்.

ஐந்தாம் படி: மருத்துவமனைக்குக் கொண்டுபோதல்

கருவிழி மங்குதல், கண் பிதுங்குதல், கண்ணைத் திறக்கவே முடியாமை, தீனி எடுக்காமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே புறப்பட வேண்டும். அரை நாளாகத் தின்னாத கினிப் பன்றிக்குக் குடல் இயக்கமே நின்றுவிடலாம் என்பதால், கண்ணைவிட வயிறுதான் அவசரம். வடசென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். 27 டிகிரிக்கு மேல் போனாலே தவிக்கும் பிராணி இது. சித்திரை, வைகாசியில் காற்றுத் துளையுள்ள பெட்டிக்குள், உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றி ஓரமாக வைப்பது உதவும்.

புண் இருக்கிறதா என்று அறிய மருத்துவர் ஃபுளோரெசின் என்னும் சாயத்தைக் கண்ணில் இடுவார்; நீல ஒளியில் புண் பச்சையாக ஒளிரும். இந்தப் பரிசோதனை முடியும்வரை ஸ்டீராய்டு மருந்து வேண்டாம் என்று நீங்களே கேட்டுக்கொள்ளலாம். வாய்வழி அமாக்ஸிசிலின் போன்ற பெனிசிலின் வகைகள் குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்துக் கினிப் பன்றியைக் கொன்றுவிடக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: சொட்டு மருந்து போடுதல்

கையைக் கழுவிக்கொண்டு, குப்பியை முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து, கீழிமையை மெல்ல இழுத்து ஒரு சொட்டு விட்டால் போதும். குப்பியின் முனை கண்ணில் படக்கூடாது. இரண்டு மருந்துகள் இருந்தால் இடையில் 5 நிமிடம் விட்டு, களிம்பைக் கடைசியில் இடுங்கள். கண் தெளிந்துவிட்டதே என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஏழாம் படி: கூண்டும் தீனியும்

எங்கள் வீட்டில் குற்றவாளி மரத்தூள்தான். மரவாடியில் மலிவாகக் கிடைத்ததே என்று மூட்டையாக வாங்கிப் பரப்பியிருந்தேன். அதன் நுண்தூசியும், சிறுநீரிலிருந்து எழும் அமோனியா நெடியும் சேர்ந்து கண்ணை எரித்திருக்கின்றன. இப்போது பழைய பருத்தித் துணிகளை விரித்து, ஈரமானதை நாள்தோறும் மாற்றுகிறேன். புல்லைத் தலைக்கு மேலே தொங்கவிட்டால் தூசி கண்ணிலேயே கொட்டும், ஆகவே மொட்டைமாடியில் நன்றாக உதறிவிட்டுத் தரையோடு வையுங்கள். சொரசொரப்பான வைக்கோலைவிட அறுகம்புல் மென்மையானது.

கினிப் பன்றியின் உடல் நம்முடையதைப் போலவே வைட்டமின் சியைத் தானாக உண்டாக்கிக்கொள்வதில்லை. ஆரோக்கியமான பிராணிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 மில்லிகிராமும், குட்டிக்கும் சினைக்கும் நோயுற்றதற்கும் 30 மில்லிகிராம் வரையும் தேவை. 100 கிராம் பச்சைக் குடைமிளகாயில் ஏறக்குறைய 80 மில்லிகிராம் இருப்பதால், தினம் ஒரு துண்டும் கொஞ்சம் கொத்தமல்லித் தழையும் கொடுத்தாலே போதும். குடிநீரில் கலக்கும் வைட்டமின் விரைவில் வீரியம் இழந்துவிடும். மரத்தூளை அகற்றிய நான்காம் நாள் எங்கள் வீட்டுக் கினிப் பன்றியின் கண் உலர்ந்துவிட்டது. அந்த மூட்டையின் மிச்சம் மாடியிலிருக்கும் செம்பருத்தித் தொட்டிகளுக்குப் போயிற்று.