சரித்திரக் காதல் கதையில் நாயகனைச் சேற்றில் தள்ளுவது எப்படி?

சரித்திரக் காதல் கதை எழுத உட்காருகிற எல்லாரும் முதல் பக்கத்திலேயே ஒரு தப்பு செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன்: நாயகனைக் குதிரையில் ஏற்றிவிடுகிறோம். ஏறினவன் இறங்குவதே இல்லை. மீசை துடிக்கும், வாயைத் திறந்தால் செந்தமிழ், பசி கிடையாது, இடுப்பு வேட்டி நெகிழாது. கோயில் வாசல் துவாரபாலகரைக் கும்பிடலாம், காதலிக்க முடியுமா? அதனால் எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் வேலை, அவனை இறக்குங்கள். முடிந்தால் நல்ல வண்டல் சேற்றில்.

இது புதுசு இல்லை. கலித்தொகை 51-ஆம் பாட்டு, கபிலர் பாடிய குறிஞ்சிக்கலி, எடுத்துப் பாருங்கள். சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் உதைத்தவன், தலையில் சூடிய பூவைப் பறித்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினவன், வளர்ந்தபின் ஒருநாள் வாசலில் வந்து குடிக்கத் தண்ணீர் கேட்கிறான். அம்மா கொடுக்கச் சொல்கிறாள். பெண் கொண்டுபோனதும் வளையல் கையைப் பிடித்துவிடுகிறான். அவள் அலற, அம்மா ஓடிவர, அந்த ஒரு நொடியில் பெண் சொல்கிறாள்: ஒன்றுமில்லை, தண்ணீர் குடிக்கும்போது விக்கிக்கொண்டான். அம்மா நம்பி அவன் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான். அவ்வளவுதான் பாட்டு. உதை வாங்க வேண்டியவனுக்கு வருங்கால மாமியாரே முதுகு தடவுகிறாள் பாருங்கள், அங்கேதான் சிரிப்பு. அதைவிட முக்கியம், அந்தப் பொய் வாயில் வந்த நொடியில்தான் அவள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்பது நமக்கு (ஒருவேளை அவளுக்கும்) தெரிகிறது. அந்த இடத்தில் காதலும் சிரிப்பும் ஒரே வரி. நீங்கள் தேட வேண்டியது அந்த மாதிரி ஒரு பொய்யை.

சரி, காலம். சோழர் காலத்தை எடுத்தால் கூட்ட நெரிசல் அதிகம். தவிர, அரிசிலாற்றங்கரையில் குந்தவை கண்முன்னால் வந்தியத்தேவன் வீரமாக முதலை மேல் வேலெறிய, அது செத்துப் பாடம்பண்ணி வைத்த முதலை என்று தெரியவர, பெண்கள் சிரிக்கிற இடத்தை கல்கி ஏற்கனவே எழுதிவிட்டார், அதைத் தாண்டுவது கஷ்டம். என் ஓட்டு தஞ்சை மராட்டியருக்கு, அதிலும் இரண்டாம் சரபோஜி காலம், 1798 முதல் 1832 வரை. 1799 உடன்படிக்கையில் நாடு கிழக்கிந்தியக் கும்பெனியிடம் போய், ராஜாவிடம் மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் சுற்றுப்புறமும்தான். ராஜ்யம் சுருங்கிவிட்டது, அரண்மனை தோரணை சுருங்கவில்லை. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, மராத்தி மூன்றும் புழங்கும், கோட்டையில் கொஞ்சம் இங்கிலீஷ் வேறு. அரண்மனைக் கணக்கெல்லாம் மோடி என்ற மராத்திக் கூட்டெழுத்தில், அது தெரியாதவனுக்குக் கோழி கிளறினமாதிரி இருக்கும். கதைக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் கட்டிய காட்சி ஒன்றைச் சொல்கிறேன். நாயகன் மேல ராஜ வீதியில் குடியிருக்கும் மராத்தி வீட்டுப் பையன், அரண்மனையில் கணக்கு எழுதுகிறவன். பெண் திருவையாறு. ஆசையில் கடிதம் எழுதியவன் கைப்பழக்கத்தில் மோடியிலேயே எழுதி அனுப்பிவிட்டான். ஊரில் மோடி படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள் தாத்தா, அரண்மனையில் கணக்குப் பார்த்து ஓய்ந்தவர். காகிதத்தைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, பேரேடு படிக்கிற குரலில் தமிழாக்கிச் சொல்கிறார்: "ஐப்பசி தொடங்கி இன்று வரை தூக்கம் இல்லை. சாப்பாடு பாதி. மேற்படி நஷ்டத்துக்குக் காரணம் தாங்களே." நிமிர்ந்து, "யாருடி இவன்?" என்கிறார். பெண் யோசிக்கவே இல்லை: "நம்மகிட்ட நெல் கடன் வாங்கினவன் தாத்தா, தவணை கேட்டு அழறான்." தாத்தாவுக்கு மனசு இளகிவிடுகிறது. அவரே மோடியில் பதில் எழுதுகிறார்: 3 தவணையில் தீர்க்கலாம், முதல் தவணைக்கு நேரில் வரவும்.

இப்போது அவன் வர வேண்டும். இங்கேதான் நம் ஊர் நிலம் கைகொடுக்கும். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 12, 13 கிலோமீட்டர்தான், ஆனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி என்று ஐந்து ஆறு குறுக்கே கிடக்கிறது. மழைக்காலம் வேறு. ஐந்து ஆற்றிலும் அவனை விழவைக்காதீர்கள், அது சர்க்கஸ் ஆகிவிடும். இரண்டில் போதும். முதலில் அங்கவஸ்திரம் போகட்டும், இரண்டாவதில் மரியாதை. மற்ற மூன்றும் ஒரு வரியில் தாண்டிவிடலாம்.

தகவலில் மட்டும் விளையாடாதீர்கள். என் முதல் கதையில் சோழப் படைவீரன் மிளகாய் கடித்துக் கண்ணீர் விடுவான், காதலி சிரிப்பாள், எனக்கு ஒரே பெருமை. போர்த்துகீசியர் கொண்டுவந்த மிளகாய் சோழன் வாயில் எப்படி வந்தது என்று ஒரு வாசகர் கேட்ட பிறகுதான் மிளகுக்கு மாற்றினேன். இன்னொரு கதையில் 1820-இல் ஒரு குடியானவர் ஜூன் 12-க்குத் தண்ணீர் வந்துவிடும் என்பார். அந்தத் தேதியே மேட்டூர் அணை திறக்கிற வழக்கத்தால் வந்தது, அணை முடிந்ததோ 1934-இல். அதுவரை குடகில் மழை பெய்தால் தண்ணீர் வரும், வருகிற அன்றைக்கு வரும். வாசகர் சிரித்தார், நான் சிரிக்கச் சொன்ன இடத்தில் இல்லை.

வசனத்தில் செல்போன் காலத்து நக்கலைத் திணிப்பதும் அதே ஜாதித் தப்புதான். அந்தக் காலத்து ஆளுக்கு அவன் பேசுவது நகைச்சுவை என்றே தெரியக்கூடாது. தாத்தா "மேற்படி நஷ்டம்" என்பதை வெகு சீரியஸாகச் சொல்வதால்தான் அது நிற்கிறது.

எழுதி முடித்ததும் வீட்டில் ஒரு பெரியவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். நான் அத்தைக்குப் படித்தேன், திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்கள். இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்து எழுதிய நிலா வசனத்துக்கு முகம் அசையவில்லை. தாத்தா காகிதத்தை நீட்டிப் பிடித்த இடத்தில் கீரையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். நிலாவை வெட்டினேன், தாத்தா கையை இன்னும் அரை முழம் நீட்டினேன்.