குர்குமின் லிப்போசோம் தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான். ஆனால் நீரில் ஏறக்குறையக் கரைவதே இல்லை. பிஎச் 7.2 உள்ள பாஸ்பேட் கரைசலில், 37 டிகிரி செல்சியஸில், அரை மணி நேரத்துக்குள் அதில் சுமார் 90 விழுக்காடு சிதைந்துவிடுகிறது. அதனால்தான் அதை லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழியின் ஈரடுக்குச் சவ்வுக்குள் பொதிந்து வைக்க முயல்கிறோம். நீரில் கரையும் மருந்துக்கு வகுத்த செய்முறையை இதற்கும் அப்படியே எடுத்தாளும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

முதலாவது, பொதிவு விகிதத்தை, அதாவது சேர்த்த குர்குமினில் எவ்வளவு பங்கு லிப்போசோமுக்குள் சென்றது என்பதைக் கணக்கிடும் முறை. இது பிழைத்தால் பின்னால் வரும் எந்த அளவீட்டையும் நம்ப முடியாது. ஈரடுக்கில் இடம் கிடைக்காத குர்குமின் நீரில் கரைந்து நிற்பதில்லை; நுண்படிகங்களாகப் பிரிந்துவிடுகிறது. அந்தப் படிகங்கள் டயாலிசிஸ் சவ்வைக் கடக்க மாட்டா. அதிவேக சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினாலோ லிப்போசோம்களோடு சேர்ந்தே அடியில் படியும். எந்த வழியில் போனாலும், வெளியே கிடக்கும் குர்குமின் உள்ளே இருப்பதாகக் கணக்கில் ஏறி, விகிதம் உண்மையைவிட மிக உயர்ந்து தெரியும். குறைந்த வேகத்தில் சுழற்றிப் படிகங்களை மட்டும் இறக்கிவிட்டு, மேலே நிற்கும் கலவையை மெத்தனாலில் கரைத்து, 425 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே ஒளி உறிஞ்சலை அளந்து, தொடக்கத்தில் சேர்த்த மொத்த அளவோடு ஒப்பிடுவதே முறை. நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்துவிடுவதும் நல்லது.

கொலஸ்டிரால் கூடக்கூடச் சவ்வு உறுதிப்படும் என்று எண்ணி அளவின்றிச் சேர்ப்பது அடுத்த தவறு. குர்குமினும் ஈரடுக்குக்குள்தான் தங்குகிறது என்பதால், இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிட, பொதிவு குறைகிறது. உலர்ந்த கொழுப்புப் படலத்தை நீரேற்றி லிப்போசோமாக்கும்போது, கொழுப்பு இளகும் வெப்பநிலைக்கு மேல் நீர் இருக்க வேண்டும். லிப்போசோம் செய்யப் பயன்படும் கொழுப்புகளில் டிபிபிசிக்கு அது 41 டிகிரி, டிஎஸ்பிசிக்கு 55 டிகிரி.

லிப்போசோமை டயாலிசிஸ் பையில் இட்டு, மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்க்கும் வெளியீட்டுச் சோதனையிலும் எச்சரிக்கை தேவை. பிஎச் 7.4 கரைசலுக்குள் வந்த குர்குமின் அங்கேயே சிதைவதால், அளவு குறைந்து தெரிய, மருந்து மெதுவாக வெளியேறுவதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். பைக்குள் எஞ்சியிருப்பதையும் அளந்து கூட்டிப் பார்த்தால்தான் சிதைந்த பங்கு தெரியவரும்.

சேமிப்பில் ஒளியும் ஆக்சிஜனும் படாமல் காக்க வேண்டும். சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிட் நீரால் சிதையும் நீராற்பகுப்பு பிஎச் 6.5 அருகே மிகக் குறைவு. குர்குமினுக்கும் அந்தச் சற்றே அமில நிலை உகந்தது. கலவையை வெறுமனே உறைய வைத்தால் பனிப்படிகங்கள் சவ்வைக் கிழித்துவிடும்; டிரெஹலோஸ் போன்ற சர்க்கரையைச் சேர்த்த பிறகே உறைநிலை உலர்த்தலுக்கு அனுப்ப வேண்டும்.