கலிஃபோர்னியாவில் இறப்புச் சான்றிதழ் வாங்குவது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

வீட்டில் ஒருவரை இழந்த வாரத்தில் படிவம் நிரப்பும் தெம்பு யாருக்கும் இருக்காது. ஆனால் வங்கி, இன்சூரன்ஸ், ஓய்வூதியக் கணக்கு, வீட்டுப் பத்திரம் என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இறப்புச் சான்றிதழைத்தான். கலிஃபோர்னியாவில் அதை வாங்குவது கஷ்டமான வேலை இல்லை. கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால், ஃபியூனரல் ஹோமில் (இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் நிறுவனம்) உட்கார்ந்திருக்கும் அந்த முதல் சில நாட்களில்தான் கவனம் வேண்டும். சான்றிதழில் என்ன அச்சாகும் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

யார் பதிவு செய்கிறார்கள்?

நீங்கள் இல்லை, ஃபியூனரல் ஹோம். நம் ஊரில் குடும்பத்தாரே வி.ஏ.ஓ.விடமோ நகராட்சியிலோ போய்ச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே ஃபியூனரல் ஹோம் குடும்பத்திடம் விவரங்களைக் கேட்டு மாநிலத்தின் கணினி அமைப்பில் ஏற்றும். மரணத்துக்கான காரணத்தை மருத்துவர் எழுதிக் கையொப்பமிடுவார். பிறகு உள்ளூர் சுகாதாரத் துறை பதிவு செய்யும். இறந்த 8 நாட்களுக்குள், அதுவும் தகனத்துக்கு முன்பே, பதிவு முடிய வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பதிவாகி அனுமதிச் சீட்டு கிடைக்காமல் தகனம் நடக்காது. ஊரிலிருந்து போன் செய்து "ஏன் இன்னும் எடுக்கவில்லை?" என்று கேட்கும் பெரியவர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மருத்துவரின் கையொப்பத்துக்காகத்தான் காத்திருப்பு நீளும்.

வரைவை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்

பதிவு செய்வதற்கு முன்னால் விவரங்களைச் சரிபார்க்க ஒரு வரைவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். இறந்தவரின் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயர், தாயின் திருமணத்துக்கு முந்தைய பெயர், துணைவர் பெயர், படிப்பு, வாழ்நாளில் அதிகம் பார்த்த தொழில் எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தில் நிதானமாக இருக்கும் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுங்கள். இறந்தவரின் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர்களில்தான் சிக்கல் அதிகம். சுப்பையா மகன் கந்தசாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பட்டாவில் 'சு. கந்தசாமி'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி, பெயர் கந்தசாமி மட்டும். அமெரிக்க விசா கொடுத்தபோது கந்தசாமியைக் குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று போட்டிருப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம் அது. அதுவே மருத்துவமனைப் பதிவுக்கும் போயிருக்கும். அப்படியே விட்டால் இறப்புச் சான்றிதழிலும் அவருடைய முதல் பெயர் எஃப்.என்.யூ. என்று நின்றுவிடலாம். அதை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்கு வழி இருக்கிறது. கலிஃபோர்னியாப் படிவத்தில் 'வேறு பெயர்கள்' என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. பாஸ்போர்ட்டில் உள்ள வடிவம், அமெரிக்க வங்கிக் கணக்கில் உள்ள வடிவம், ஊர்ச் சொத்துப் பத்திரத்தில் உள்ள வடிவம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, முதன்மைப் பெயர் எது, அந்தக் கட்டத்தில் எவை என்று ஃபியூனரல் ஹோமிடம் தெளிவாகச் சொல்லுங்கள். இந்த ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பினால் பின்னால் எத்தனையோ அலைச்சல் மிச்சம்.

எந்தக் கவுண்டி?

இறந்தவர் குடியிருந்த கவுண்டி அல்ல, உயிர் பிரிந்த இடம் இருக்கும் கவுண்டி. ஃப்ரீமான்ட்டில் வீடு, அது அலமீடா கவுண்டி. ஸ்டான்ஃபோர்ட் மருத்துவமனையில் இறந்தார், அது சாண்டா கிளாரா கவுண்டி. சான்றிதழைச் சாண்டா கிளாராவில்தான் கேட்க வேண்டும்.

கவுண்டிக்குள்ளும் இரண்டு இடங்கள் உண்டு. அண்மையில் நடந்த மரணம் என்றால் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவு, பழையது என்றால் கவுண்டியின் ஆவணங்களைப் பராமரிக்கும் ரெக்கார்டர் அலுவலகம். பெரும்பாலும் நடப்பு ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் சுகாதாரத் துறையில் கிடைக்கும், ஆனாலும் கவுண்டியின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பெர்க்லி, லாங் பீச், பாசடீனா மூன்று நகரங்களுக்கும் சொந்தமாகச் சுகாதாரத் துறை இருக்கிறது. அங்கே அண்மையில் நடந்த மரணம் என்றால் நகரத்தின் அலுவலகத்தில் கேளுங்கள்.

இரண்டு வகை நகல்கள்

உரிமை பெற்றவர்களுக்கான நகல், தகவலுக்கான நகல் என்று இரண்டு உண்டு. இரண்டும் சான்றிட்ட நகல்கள்தான். ஆனால் தகவல் நகலின் மேல், அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அச்சிட்டிருப்பார்கள். அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வங்கிக்கும் இன்சூரன்ஸுக்கும் முதல் வகைதான் தேவை.

அதை வாங்கத் தகுதி உள்ளவர்கள்: இறந்தவரின் பெற்றோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள், உயிலை நிறைவேற்றுபவர், இறந்தவரின் சொத்துக்களின் சார்பில் செயல்படும் வழக்கறிஞர், இப்படிச் சிலர். மருமகனும் மருமகளும் அண்ணன் மகனும் இந்த உறவுப் பட்டியலில் இல்லை. நம் குடும்பங்களில் ஓடியாடி எல்லாம் செய்வது பெரும்பாலும் மருமகன்தான். அவர் காரை ஓட்டட்டும், கையெழுத்து மகளோ மகனோ போடட்டும்.

எத்தனை நகல்?

ஒரு நகல் ஏறக்குறைய 25 டாலர். ஜெராக்ஸ் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். ஒவ்வொரு இன்சூரன்ஸ் நிறுவனமும், ஒவ்வொரு ஓய்வூதியக் கணக்கும், வீட்டுப் பத்திர மாற்றமும் தனித்தனியாகச் சான்றிட்ட நகல் கேட்கலாம். கணக்குகளை ஒரு தாளில் எழுதி எண்ணுங்கள், ஊர் வேலைக்கு இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளுங்கள். சொத்தும் கணக்கும் இரண்டு நாட்டிலும் இருக்கும் குடும்பத்துக்கு எட்டு முதல் பத்து வரை தேவைப்படலாம். பார்த்துவிட்டு மூலத்தைத் திருப்பித் தருவீர்களா என்று ஒவ்வோர் இடத்திலும் கேளுங்கள், தருபவர்களும் இருக்கிறார்கள். முதல் நகல்களை ஃபியூனரல் ஹோமே வாங்கித் தந்துவிடும், எண்ணிக்கையை மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

பிறகு நீங்களே விண்ணப்பிக்க

நேரில் போவதுதான் எளிது. படிவத்தில் இறந்தவரின் முழுப்பெயர், இறந்த தேதி, இடம், உங்களுக்கு அவர் என்ன உறவு என்பதை எழுதுங்கள். கூடவே ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கும். அதை வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டாம், அலுவலர் முன்னால்தான் போட வேண்டும். அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். முன்பதிவு தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தபாலில் அனுப்பினால் அதே உறுதிமொழியை நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். கலிஃபோர்னியாவில் நோட்டரி ஒரு கையெழுத்துக்கு 15 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. நோட்டரி முத்திரை இல்லாத விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பல கவுண்டிகள் இணையவழி விண்ணப்பத்தை வைட்டல்செக் என்ற தனியார் நிறுவனம் மூலம் பெறுகின்றன, அதற்குத் தனிக் கட்டணம். தேடியும் பதிவு கிடைக்காவிட்டால் 'பதிவு இல்லை' என்று ஒரு சான்று வரும், பணம் திரும்பி வராது. கவுண்டி சரிதானா என்று முதலிலேயே பார்க்கச் சொல்வது அதனால்தான்.

காரணம் 'நிலுவையில்' என்று இருந்தால்

விபத்து அல்லது எதிர்பாராத மரணம் என்றால் கரோனர், அதாவது இத்தகைய மரணங்களை விசாரிக்கும் கவுண்டி அதிகாரி, விசாரிப்பார். பரிசோதனை முடிவு வரும் வரை காரணம் நிலுவையில் என்று சான்றிதழ் வெளிவரலாம். இன்சூரன்ஸ் நிறுவனம் இறுதிக் காரணம் வரும் வரை பணத்தை நிறுத்தி வைக்கக்கூடும். அதனால் இப்போதைக்கு இரண்டு மூன்று நகல் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை இறுதிக் காரணம் பதிவான பிறகு வாங்குங்கள்.

தப்பு இருந்தால்

பதிவான சான்றிதழை அழித்து எழுத மாட்டார்கள். திருத்தம் இரண்டாவது பக்கமாகச் சேரும், பழைய தவறு முதல் பக்கத்தில் அப்படியே இருக்கும். இனி அந்த இரண்டு பக்கமும் சேர்ந்ததுதான் சான்றிதழ், ஒரு பக்கத்தை மட்டும் எங்கேயும் கொடுக்காதீர்கள். பெயர், தேதி போன்ற விவரங்களுக்கு வி.எஸ். 24 என்ற படிவம். மரணக் காரணத்தை மருத்துவரோ கரோனரோதான் திருத்த முடியும்.

இந்தியாவில் பயன்படுத்த

அஸ்தியை ஊருக்கு எடுத்துப் போகிறவர்கள் தகனச் சான்றிதழோடு இதன் ஒரு நகலையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போட வேண்டாம். வங்கி, வாரிசு, சொத்து வேலைகளுக்கு அப்போஸ்டில் தேவைப்படும். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்வதற்காக, அதிலுள்ள கையொப்பம் உண்மையானது என்று தரும் சான்று அது. இந்தியா 2005-ல் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால், அப்போஸ்டில் பெற்ற ஆவணத்துக்கு மறுபடியும் தூதரக முத்திரை தேவையில்லை.

அப்போஸ்டில் தருவது கலிஃபோர்னியாவின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம். ஒன்றுக்கு 20 டாலர். தபாலில் அனுப்பும்போது எந்த நாட்டில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை எழுதி, உங்கள் முகவரியிட்டுத் தபால்தலை ஒட்டிய உறையையும் வைக்க வேண்டும். நேரில் என்றால் சாக்ரமென்டோவிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ கொடுக்கலாம், ஆவணங்களில் உள்ள அதிகாரியின் கையொப்பம் ஒன்றுக்கு 6 டாலர் கூடுதல்.

அனுப்புவதற்கு முன் சான்றிதழில் கையொப்பம் யாருடையது என்று பாருங்கள். கவுண்டி கிளார்க்-ரெக்கார்டருடையது அல்லது மாநிலப் பதிவாளருடையது என்றால் அப்படியே அனுப்பலாம். சுகாதார அதிகாரியின் கையொப்பம் மட்டும் இருந்தால், முதலில் அதே கவுண்டியின் கிளார்க் அலுவலகத்தில் அந்தக் கையொப்பத்துக்குச் சான்று வாங்குங்கள். அண்மையில் நடந்த மரணங்களுக்குச் சுகாதாரத் துறைதான் நகல் தருகிறது என்பதால், நம்மில் பலருக்கு இந்தக் கூடுதல் படி இருக்கும். நகல் வாங்கப் போகும் நாளிலேயே இதையும் விசாரித்துவிடுங்கள்.